வாயுக் குழாயின் ஒட்டும் அதன் சோதனையும்



2025-ஆம் ஆண்டு ஏப்ரல் முதல் நாள், நோன்புப் பெருநாளின் மறுநாள் காலையில், சிலாங்கூர் மாநிலம் புத்ரா ஹைட்ஸ் பகுதியில் நிலத்தடி எரிவாயுக் குழாய் வெடித்துத் தீப்பற்றியதை நம்மில் பலர் தொலைக்காட்சியில் பார்த்தோம். பல கிலோமீட்டருக்கு அப்பால் இருந்தவர்களுக்கும் அந்தத் தீ தெரிந்தது. நூற்றுக்கு மேற்பட்டவர்கள் காயமுற்றார்கள். வீடுகளும் வாகனங்களும் கருகின. மூன்று மாதம் கழித்து அரசாங்கத்தின் வேலையிடப் பாதுகாப்புத் துறை தன் விசாரணை முடிவை வெளியிட்டது. குழாயைத் தாங்கியிருந்த மண் ஈரத்தால் வலுவிழந்துவிட்டது. குழாய் தன் இடத்திலிருந்து ஏறக்குறைய 16 சென்டிமீட்டர் விலகியிருந்தது. ஓயாத அசைவினால், பற்றவைத்த ஒட்டு இருந்த இடத்தில் களைத்து விரிசல் கண்டு முறிந்தது. இதுதான் அந்த அறிக்கையின் சாரம்.

பள்ளி திறந்ததும் பிள்ளைகள் எங்களைச் சூழ்ந்துகொண்டார்கள். "ஐயா, நம்ம செடெனாக் பக்கமும் குழாய் போகுதா? அதுவும் வெடிக்குமா?" என்று கேட்டார்கள். அதே சமயத்தில் இன்னொரு கேள்வியும் எங்களிடம் வந்தது. தோட்டத்தில் உதிரிப் பழம் பொறுக்கும் தாயார் ஒருவர், மாலையில் பள்ளிக்கூட வாசலில் நின்று கேட்டார். அவருடைய மகன் எங்களிடம் படித்தவர். இப்போது பாசிர் கூடாங்கில் வெல்டராக இருக்கிறார். "ஐயா, ஒரு சின்ன ஒட்டு. அதப் போடமாட்டேன்னு சொல்லி வேலைய விட்டுட்டு வந்து நிக்கிறான். அவன் செஞ்சது சரிதானா? நீங்க சொல்லுங்க" என்றார்.

பிள்ளைகளின் கேள்விக்கு விடை சொல்வது எளிது. தாயாரின் கேள்விக்கு உடனே விடை சொல்ல எங்களுக்குத் தெரியவில்லை. ஆசிரியர் பயிற்சிக் கல்லூரியில் இவற்றையெல்லாம் யாரும் கற்றுத்தரவில்லை. அந்த மாணவரிடம் கேட்டும், நூல்களைத் தேடிப் படித்தும் தெரிந்துகொண்டதைத்தான் இன்று உங்களிடம் சொல்ல வந்திருக்கிறோம்.

முதலில் ஒன்றைத் தெளிவுபடுத்திவிடுவோம். புத்ரா ஹைட்ஸ் குழாயில் ஓடியது சுத்திகரித்த வாயு. அது குழாயை உள்ளிருந்து தின்னும் வாயு அல்ல. அங்கே மோசம் செய்தது மண். இன்று நாம் பேசப் போவது சுத்திகரிக்காத வாயுவைப் பற்றி, அதாவது எஃகையே அரிக்கும் வாயுவைப் பற்றி. அத்தகைய வாயுவைக் குழாயில் திறந்துவிடுவதற்கு முன் ஒவ்வொரு ஒட்டையும் எப்படிச் சோதிக்க வேண்டும் என்பதுதான் இன்றைய பேச்சின் பொருள்.

அந்த வாயு எங்கோ கடலுக்கு அடியில் மட்டும் இருப்பதாக நினைத்துவிடாதீர்கள். செம்பனை ஆலைக்குப் பக்கத்தில் குடியிருப்பவர்களுக்குக் கழிவுநீர்க் குளத்தின் வாடை புதிதல்ல. ஒரு டன் குலையை ஆட்டினால் அரை டன்னுக்கு மேல் கழிவுநீர் வருகிறது. காற்றுப் புகாத தொட்டியில் அதை ஊறவைத்தால், ஒரு கன மீட்டர் கழிவுநீரிலிருந்து ஏறக்குறைய 28 கன மீட்டர் வாயு கிடைக்கும். அதில் அறுபது விழுக்காடு போல எரியக்கூடிய மீதேன். மீதியில் பெரும்பகுதி கரியமில வாயு. இவ்விரண்டோடு மிகக் கொஞ்சமாக, பத்து லட்சத்தில் ஆயிரம் இரண்டாயிரம் பங்கு என்ற கணக்கில், ஹைட்ரஜன் சல்பைடு என்னும் வாயுவும் கலந்திருக்கிறது. அழுகிய முட்டை வாடை அதனுடையதுதான். முன்பெல்லாம் இந்த வாயு குளத்திலிருந்து வீணாக வானத்துக்குப் போயிற்று. இப்போது பல ஆலைகள் குளத்தையும் தொட்டியையும் மூடி, வாயுவைக் குழாய் வழியாகக் கொண்டுபோய் மின்சாரம் எடுக்கின்றன.

குழாய்க் கதைக்குப் போகுமுன் ஒரு வார்த்தை. இந்த வாயுவின் வாடை தெரியவில்லை என்றால் வாயு இல்லை என்று எண்ணிவிடக் கூடாது. காற்றில் பத்து லட்சத்துக்கு நூறு பங்கு அளவை எட்டினாலே அது நம் மூக்கை மரக்கச் செய்துவிடும். பிறகு வாடையே தெரியாது. ஐந்நூறைத் தாண்டினால் ஆளைச் சாய்த்துவிடும். காற்றைவிடக் கனமானதாகையால் பள்ளத்திலும் குழியிலும் தங்கும். விழுந்தவரைத் தூக்க இறங்கியவரும் விழுவது இதனால்தான்.

இனிக் குழாய்க்கு வருவோம். திரெங்கானுக் கடலிலிருந்து வரும் வாயு, கெர்த்தே, பாக்கா பகுதிகளிலுள்ள ஆலைகளில் சுத்தம் செய்யப்பட்டுத்தான் தீபகற்பத்தின் பெருங்குழாயில் செலுத்தப்படுகிறது. அந்தப் பெருங்குழாயின் முதற்கட்டம் 1984-இல் முடிந்தது. அடுத்த கட்டம் சிகாமட் வழியாக ஜொகூரின் தென்கோடிக்கு வந்து, 1992-இல் சிங்கப்பூர்வரை வாயுவைக் கொண்டு சேர்த்தது. இன்று அதன் மொத்த நீளம் 2,500 கிலோமீட்டருக்கு மேல்.

இதை வைத்து வகுப்பில் ஒரு கணக்குப் போட்டோம். குழாய் ஒன்றின் நீளம் 12 மீட்டர் என்று வைத்துக்கொண்டால், ஒரு கிலோமீட்டருக்கு எத்தனை ஒட்டு? எண்பத்து மூன்று. 2,500 கிலோமீட்டருக்கு? இரண்டு லட்சத்துக்கு மேல். ஆறாம் ஆண்டு மாணவி ஒருத்தி, "எல்லாத்தையும் பாத்தாங்களா ஐயா?" என்று கேட்டாள். நல்ல கேள்வி. பார்க்கத்தான் வேண்டும். ஆனால் எதைப் பார்ப்பது?

வாயு மட்டும் இருந்தால் எஃகுக்கு ஒன்றும் ஆகாது. தண்ணீர் சேர்ந்தால்தான் வினை. கரியமில வாயு தண்ணீரில் கரைந்தால் சோடாத் தண்ணீரில் உள்ள அமிலம் உண்டாகிறது. அது குழாயின் அடிப்பகுதியை மெல்ல மெல்லக் கரைத்து, குழி குழியாக அரிக்கும். இந்த அரிப்பு பொல்லாததுதான் என்றாலும் நேர்மையானது. சுவரின் கனம் குறைவதை அளந்து பார்த்துக் கண்டுபிடிக்கலாம்.

ஹைட்ரஜன் சல்பைடு செய்வது வேறு வேலை. அது ஈரத்தோடு சேர்ந்து இரும்பைத் தொடும்போது ஹைட்ரஜன் அணுக்கள் ஒற்றை ஒற்றையாக வெளிப்படுகின்றன. சாதாரணமாக அவை இரண்டிரண்டாகச் சேர்ந்து குமிழியாகப் போய்விடும். கந்தகம் அருகில் இருக்கும்போது அப்படிச் சேரவிடாது. ஒற்றை அணு மிகமிகச் சிறியது. ஆகவே அது எஃகுக்குள்ளேயே நுழைந்துவிடுகிறது. நுழைந்து எங்கே போய்த் தங்குகிறது என்றால், எஃகு எங்கே அதிகக் கடினமாக இருக்கிறதோ, எங்கே இறுகி நிற்கிறதோ அங்கே. அந்த இடம் வளையாமல் நெளியாமல், முன்னறிவிப்பு இல்லாமல், கண்ணாடிபோல் விரிந்துவிடும்.

கடினமாக இருப்பது நல்லதுதானே என்று நீங்கள் கேட்கலாம். பால்வெட்டுக் கத்தியையும் குலை வெட்டும் அரிவாளையும் நினைத்துக்கொள்ளுங்கள். கொல்லர் இரும்பைச் செக்கச் சிவக்கக் காய்ச்சித் தண்ணீரில் தோய்த்தால் கூர் நிற்கும். தோய்த்தது தோய்த்தபடியே விட்டுவிட்டால், கல்லில் பட்டதும் வாய் தெறித்துவிடும். அதனால்தான் அவர் மீண்டும் இளஞ்சூட்டில் வாட்டுகிறார். அதே இரும்பைச் சாம்பலில் புதைத்து மெல்ல ஆறவிட்டால் மென்மையாக இருக்கும். வளையுமே தவிர உடையாது.

வெல்டிங் செய்யும்போது நடப்பதும் இதுதான். ஒட்டின் நடுவில் எஃகு உருகுகிறது. அதை ஒட்டிய சில மில்லிமீட்டர் அகலமுள்ள பட்டை உருகாமல், செக்கச் சிவக்கக் காய்கிறது. அதற்கு அப்பால் குழாய் முழுவதும் குளிர்ந்த இரும்பு. அந்தக் குளிர்ந்த இரும்பு சூட்டை உறிஞ்சிக்கொள்கிறது. தண்ணீரே இல்லாமல், தண்ணீரில் தோய்த்த கத்தியைப் போல அந்தப் பட்டை கடினப்பட்டுவிடுகிறது. பொறியாளர்கள் அதை வெப்பம் தாக்கிய பகுதி என்கிறார்கள். ஒட்டு எவ்வளவு அழகாக இருந்தாலும், நோய் அதன் ஓரத்தில் இருக்கிறது.

எவ்வளவு கடினம் வரை பொறுக்கலாம் என்பதற்கு ஒரு கணக்கு உண்டு. அமெரிக்காவின் அரிமானப் பொறியாளர் சங்கம் 1975-இல் அதை ஒரு விதிநூலாக வெளியிட்டது. 2003-இல் அது ஐஎஸ்ஓ 15156 என்னும் உலகத் தரவிதியாயிற்று. வைர முனையை எஃகில் அழுத்தி, பதிந்த பள்ளத்தை அளந்து சொல்லும் விக்கர்ஸ் எண் 250-ஐத் தாண்டக் கூடாது. ராக்வெல் அளவில் சொன்னால் 22. குழாய் எஃகு இயல்பாகவே அதற்குக் கீழே இருக்கும். அவசரத்தில் போட்ட ஒட்டின் ஓரம் 350-ஐயும் தாண்டிவிடலாம்.

வாயுவில் எவ்வளவு கந்தகம் இருந்தால் இந்த விதியைக் கவனிக்க வேண்டும்? அந்த வாயுவின் பங்கு அழுத்தம் 0.3 கிலோபாஸ்கல் ஆனாலே போதும் என்கிறது அதே விதிநூல். குழாயில் 70 பார் அழுத்தம் இருந்தால், பத்து லட்சத்தில் 43 பங்கே அந்த அளவை எட்டிவிடும். நம் ஆலைக் கழிவுநீர் வாயுவில் இரண்டாயிரம் பங்கு இருந்தாலும், அது ஏறக்குறைய வெளிக்காற்றின் அழுத்தத்தில்தான் ஓடுகிறது; ஆகவே அந்த அளவை எட்டுவதில்லை. அங்கே குழாய் அரிபடும், துளைபடும். இப்படி வெடித்து விரிவது அரிது. அதற்காகவே பல இடங்களில் பிளாஸ்டிக் குழாயையோ துருப்பிடிக்காத எஃகையோ போடுகிறார்கள். ஆனால் அதே வாயுவைச் சரியாகச் சுத்தம் செய்யாமல் உயர்ந்த அழுத்தத்தில் அடைக்கத் துணிந்தால் கணக்கு மாறிவிடும். பங்கு குறைவுதானே என்று சொல்வதற்கு இல்லை. அழுத்தத்தையும் சேர்த்துப் பார்க்க வேண்டும்.

நம் மாணவர் தன் வேலையைப் பற்றிச் சொன்னதை இனி சொல்கிறோம். அவர் 6ஜி என்னும் தேர்வில் தேறியவர். குழாயை நாற்பத்தைந்து பாகை சாய்வாக அசையாமல் நிறுத்தி வைத்திருப்பார்கள். வெல்டர்தான் சுற்றிச் சுற்றி, குனிந்தும் அண்ணாந்தும் ஒட்ட வேண்டும். நம் தோட்டத்துப் பிள்ளைகள் பலர் இந்தத் தேர்வுக்குப் போகிறார்கள். சம்பளம் நன்றாக இருப்பதால் இன்னும் பலர் போவார்கள். ஆகவே இதைப் பெற்றோரும் தெரிந்துகொள்வது நல்லது.

சோதனை என்றால் ஒட்டு முடிந்தபின் நடப்பது என்று நாங்கள் எண்ணியிருந்தோம். அவர் சிரித்தார். பாதிச் சோதனை நெருப்பு மூட்டுவதற்கு முன்பே முடிந்துவிட வேண்டுமாம். முதலில் அதே எஃகில், அதே ராடில், அதே முறையில் ஒரு மாதிரி ஒட்டுப் போட்டு, அதை அறுத்து, இழுத்து, வளைத்து, கடினம் அளந்து பார்க்கிறார்கள். அது தேறினால் அந்த முறையை எழுத்தில் வைக்கிறார்கள். பிறகு களத்தில் எவரும் அந்த எழுத்தை மீறக் கூடாது. எந்த ராடு, எத்தனை ஆம்பியர், குழாயை எத்தனை பாகை முன்கூட்டியே சூடேற்றுவது, எல்லாம் அதில் இருக்கும். முன்சூடு ஏன் என்பது இப்போது உங்களுக்கே விளங்கும். குழாய் முன்பே சூடாக இருந்தால் ஒட்டின் சூட்டை அவ்வளவு வேகமாக உறிஞ்சாது. ஓரம் மெல்ல ஆறும். குறிப்பிட்ட சூட்டில் உருகும் வண்ணக் கட்டியால் கோடு போட்டுப் பார்த்தே தொடங்குகிறார்கள்.

ராடு விஷயத்தில் அவர் சொன்னது வீட்டிலுள்ள தாய்மாருக்கு உடனே புரியும். மழைக்காலத்தில் அப்பளத்தைத் திறந்து வைத்தால் நமத்துப் போகிறதல்லவா? வெல்டிங் ராடின் மேற்பூச்சும் அப்படித்தான் ஈரத்தைக் குடிக்கும். அந்த ஈரத்திலும் ஹைட்ரஜன் இருக்கிறது. அது உருகிய எஃகுக்குள் போய்விடும். வாயு வருவதற்கு முன்பே நாமே விஷத்தை ஊட்டினாற்போல. அதனால் ராடுகளை அடுப்பில் வாட்டி, சூடான பெட்டியில் வைத்து, ஒவ்வொன்றாக எடுத்துப் பயன்படுத்த வேண்டும். ஜொகூர் மழையில் இது லேசான காரியம் அல்ல.

ஒட்டு முடிந்ததும் முதல் சோதனை கண்ணால். ஓரம் குடைந்திருக்கிறதா, குமிழி வெடித்திருக்கிறதா, உட்புறம் முழுதாக உருகிச் சேர்ந்திருக்கிறதா என்று பார்ப்பார்கள். குறிப்பாக, ஒட்டுக்கு வெளியே குழாயின் மேல் ராடு தெரியாமல் உரசிய தடம் இருக்கிறதா என்று பார்ப்பார்கள். நமக்கு அது கொசு கடித்த தடம் போலத் தெரியும். ஆனால் ஒரு நொடியில் காய்ந்து ஒரு நொடியில் ஆறிய இடம் அது. ஊசிமுனை அளவுக்கு மிகக் கடினப்பட்டிருக்கும். அதைத் தேய்த்து எடுக்காமல் விடக் கூடாது.

அடுத்தது எக்ஸ்ரே. களத்தில் பெரும்பாலும் மின்சார எக்ஸ்ரேயைவிட, இரிடியம்-192 என்னும் கதிரியக்கத் துண்டைப் பயன்படுத்துகிறார்கள். ஒட்டைச் சுற்றி பிலிம் கட்டி, அந்தத் துண்டைச் சிறிது நேரம் பெட்டியிலிருந்து வெளியே நகர்த்தி, மறுபடியும் உள்ளே இழுத்துவிடுவார்கள். ஒட்டுக்குள் காற்றுக் குமிழி, கசடு, சேராத இடம் இருந்தால் பிலிமில் கருமையாகத் தெரியும். பிலிம் நன்றாக எடுக்கப்பட்டதா என்று காட்ட, மெல்லிய கம்பிகளை உடன் வைத்துப் படமெடுப்பார்கள். அந்தக் கம்பி தெரியாத பிலிமை நம்பக் கூடாது.

இந்த இரிடியம் துண்டைப் பற்றி நம் குடும்பங்கள் தெரிந்திருக்க வேண்டும். 1999 பிப்ரவரியில் பெரு நாட்டில், யானாங்கோ என்னும் நீர்மின் நிலையத்தில், பெட்டியிலிருந்து கழன்று விழுந்த துண்டை ஒரு வெல்டர் ஏதோ இரும்புத்துண்டு என்று எடுத்துக் காற்சட்டையின் பின்பையில் போட்டுக்கொண்டார். சூடும் இல்லை, வெளிச்சமும் இல்லை. சில மணி நேரம் அவரோடு இருந்தது. அவர் ஒரு காலையே இழந்தார். நம் நாட்டிலும் 2018 ஆகஸ்டு 10-ஆம் நாள், சிரம்பானிலிருந்து ஷா ஆலாமுக்குக் கொண்டுபோன அத்தகைய கருவி ஒன்று வழியில் காணாமற்போனது. அதன் எடை 23 கிலோ. குழாய் வேலை நடக்கும் இடத்தில் இரவில் கயிறு கட்டி, சிவப்பு விளக்கு வைத்திருந்தால் பிள்ளைகளை அந்தப் பக்கம் விடாதீர்கள். காட்டிலோ சாலையோரத்திலோ கதிரியக்க அடையாளமிட்ட பெட்டியோ, என்னவென்று தெரியாத பளபளப்பான உலோகத் துண்டோ கிடந்தால் பழைய இரும்புக்காரரிடம் கொண்டுபோகவே கூடாது. தொடாமல் விலகி நின்று போலீசுக்குச் சொல்லுங்கள்.

எக்ஸ்ரே எல்லாவற்றையும் காட்டிவிடாது. கதிருக்குக் குறுக்காகப் படுத்திருக்கும் மெல்லிய விரிசல் அதில் தப்பிவிடும். சந்தையில் பானை வாங்கும்போது தட்டிப் பார்க்கிறோமே, அதுபோல மீயொலியை உள்ளே அனுப்பி, திரும்பும் எதிரொலியைக் கொண்டு விரிசலைக் கண்டுபிடிக்கிறார்கள். மேற்பரப்பு விரிசலுக்குக் காந்தமேற்றி இரும்புத்தூளைத் தூவுகிறார்கள். விரிசல் இருந்தால் தூள் கோடாகச் சேரும். இதிலும் ஒரு நுட்பம் உண்டு. ஹைட்ரஜனால் வரும் விரிசல் ஒட்டுப் போட்ட உடனே வராது. ஒரு நாள், இரண்டு நாள் கழித்தும் வரும். ஆகவே கனத்த குழாய்களில் 48 மணி நேரம் பொறுத்தே கடைசிச் சோதனை செய்கிறார்கள். மாலையில் ஒட்டி மாலையிலேயே தேறிய ஒட்டு, மறுநாள் தோற்றுப்போகலாம்.

பிறகு குழாயில் தண்ணீர் நிரப்பி, வேலை அழுத்தத்தைவிடக் கால் பங்கு கூட்டி, பல மணி நேரம் நிறுத்தி வைக்கிறார்கள். கசியாமல் நின்றால் அன்றைய தேதிக்கு அது வலுவானது. அதற்குமேல் அந்தச் சோதனை எதையும் சொல்லாது. தண்ணீரில் கந்தகம் இல்லை; கடினப் பட்டை அன்றைக்குச் சாதுவாக இருக்கும். மேலும், சோதனைக்குப் பின் குழாயைத் துடைத்து உலர்த்தாமல் விட்டால் அந்தத் தண்ணீரே அரிப்புக்கு விதையாகிவிடும். குழாய்க்குள் தண்ணீர் என்ன செய்யும் என்பதற்கு ஆந்திராவின் அன்றைய கிழக்கு கோதாவரி மாவட்டம் சாட்சி. அங்கே நாகரம் என்னும் கிராமத்தில், உலர்ந்த வாயுவுக்கென்று போட்ட குழாயில் ஈர வாயு ஓடி, உள்ளே அரித்து, 2014 ஜூன் 27-ஆம் நாள் விடியற்காலையில் வெடித்தது. இருபதுக்கு மேற்பட்டவர்கள் இறந்தார்கள். பலர் தூக்கத்திலிருந்து எழுந்துகூட இருக்கவில்லை.

கண், எக்ஸ்ரே, மீயொலி, தண்ணீர் என்று இத்தனை சோதனையிலும் தேறிய ஒட்டு கடினமாக இருக்கலாம். ஆளின் எலும்பைக் காட்டும் எக்ஸ்ரே ஆளின் கோபத்தைக் காட்டுமா? கடினத்தைக் கண்டுபிடிக்கும் வழி, வைர முனையால் அழுத்திப் பார்ப்பது. மாணவர் ஒரு முறை அறுத்து மெருகிட்ட மாதிரி ஒட்டு ஒன்றைக் கொண்டுவந்து கொடுத்தார். அது இப்போது எங்கள் வகுப்பு மேசையில் இருக்கிறது. ஒட்டும் அதன் ஓரத்துக் கருநிறப் பட்டையும் வரைபடம்போல் அதில் தெரியும். அதன் குறுக்கே எறும்பு ஊர்ந்ததுபோல் சின்னச் சின்ன வைரத் தடங்கள். பூதக்கண்ணாடியில் பார்த்தால், பட்டைக்குள் விழுந்த தடங்கள் மற்றவற்றைவிடச் சிறியவை. எஃகு எவ்வளவு எதிர்த்ததோ அவ்வளவு சிறிய தடம். பிள்ளைகள் இதைத் தாங்களாகவே கண்டுபிடித்தார்கள்.

கடினம் மிகுந்தால் மருந்து உண்டா? உண்டு. ஒட்டைச் சுற்றி மின்சூட்டுப் போர்வை கட்டி, 600 பாகை செல்சியசுக்கு மேல் சூடேற்றி, கனத்துக்குத் தக்க நேரம் வைத்து, மெல்ல ஆறவிடுவது. கொல்லரின் சாம்பல் வேலைதான் இது. நேரமும் பணமும் செலவாகும். ஆகவேதான் இதைத் தவிர்க்க ஆசை வருகிறது.

கந்தகம் மிகுந்த வாயுவில் இதன் விலை எவ்வளவு என்பதற்குக் கசகஸ்தான் நாட்டின் கஷகான் எண்ணெய்க் களத்தைச் சொல்லலாம். அங்கு வாயுவில் ஆறில் ஒரு பங்கு ஹைட்ரஜன் சல்பைடு. 2013 செப்டம்பரில் உற்பத்தி தொடங்கிச் சில நாட்களிலேயே குழாய் கசிந்தது. எஃகில் அளவு மீறிக் கடினமாக இருந்த இடங்களில் இதே விரிசல். ஏறக்குறைய 200 கிலோமீட்டர் குழாயை மாற்றிப் போட்டு, 2016-இல்தான் மீண்டும் தொடங்க முடிந்தது. நல்லவேளையாக அங்கே உயிர்ச்சேதம் இல்லை.

இனித் தாயாரின் கேள்விக்கு வருகிறோம். அவர் மகன் மறுத்த வேலை இதுதான். ஒரு தொழிற்சாலையில் சுத்திகரிக்காத வாயு ஓடும் குழாயில், தாங்கிக் கட்டை ஒன்றை ஒட்டச் சொன்னார்கள். கையளவு கட்டை. மழை தூறிக்கொண்டிருந்தது. சூடேற்றும் கருவி வரவில்லை. ராடு திறந்த பெட்டியில் கிடந்தது. எழுத்தில் வைத்த முறையைக் கேட்டபோது, "சின்ன வேலைதானே" என்றார் மேற்பார்வையாளர். அவர் மாட்டேன் என்றார். நாளை முதல் வரவேண்டாம் என்று குத்தகைக்காரர் சொல்லிவிட்டார்.

அந்தத் தாயாரை உட்காரவைத்து ஒரு கதை சொன்னோம். அது நடந்த கதை. அமெரிக்காவில் சிகாகோ நகருக்குப் பக்கத்தில் ரோமியோவில் என்னும் ஊரில் ஓர் எண்ணெய்ச் சுத்திகரிப்பு ஆலை. வாயுவிலிருந்து ஹைட்ரஜன் சல்பைடைப் பிரிக்கும் உயரமான எஃகுக் கலம் ஒன்று அங்கே இருந்தது. சுவரின் கனம் 25 மில்லிமீட்டர். 1970-இல் வேலைக்கு வந்தது. சில ஆண்டுகளில் அதன் சுவர் கொப்புளித்தது. 1974-இல் கெட்ட பகுதியை வளையமாக அறுத்தெடுத்து, புது வளையத்தைக் களத்திலேயே ஒட்டினார்கள். அந்தக் கனத்துக்கு, ஒட்டியபின் சூடேற்றி ஆற்றவேண்டும் என்று அன்றைய விதி கட்டாயப்படுத்தவில்லை. ஆகவே செய்யவில்லை. கலம் மீண்டும் வேலைக்குப் போயிற்று. அந்த ஒட்டின் ஓரத்தில் கடினப்பட்ட பட்டை ஒன்று அப்படியே தங்கிவிட்டது.

பத்து ஆண்டுகள் போயின. 1984 ஜூலை 23-ஆம் நாள் மாலை, வேலையிலிருந்த ஒருவர் கலத்தின் சுவரில் ஒரு சாண் நீளத்துக்கு விரிசல் கண்டு வாயு கசிவதைப் பார்த்தார். வால்வை மூட ஓடினார். மூடுவதற்குள் விரிசல் ஒரு முழத்துக்கு மேல் நீண்டுவிட்டது. ஆலையின் தீயணைப்பு ஆட்கள் வந்து சேர்ந்த நேரத்தில் கலம் இரண்டாக முறிந்தது. வாயு மேகம் தீப்பற்றி வெடித்தது. மேல்பாதி ஒரு கிலோமீட்டர் தூரம் பறந்துபோய் மின்கம்பக் கோபுரத்தின் மேல் விழுந்தது. பதினேழு பேர் இறந்தார்கள். பின்னர் அமெரிக்க அரசாங்கத்தின் தர நிறுவனம் சோதித்துப் பார்த்தபோது, பழுதுபார்த்த ஒட்டின் ஓரத்தில் சுவரின் கனத்தில் தொண்ணூறு விழுக்காட்டுக்கு மேல் விரிசல் முன்பே ஊடுருவியிருந்தது தெரிந்தது. வெளியே கொஞ்சம் தோல்போல் மிச்சமிருந்த எஃகுதான் கலத்தைத் தாங்கிக்கொண்டிருந்தது.

அந்தத் தாயார் கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு, "செத்தவங்கள்ல அந்த ஒட்டப் போட்டவரு இருந்தாரா ஐயா?" என்று கேட்டார். இறந்த பதினேழு பேரில் பத்துப் பேர் தீயை அணைக்க வந்தவர்கள் என்று சொன்னோம்.

"அப்ப, ஒட்டப் போட்டவரு பத்து வருசத்துக்கு முன்னயே வேலைய முடிச்சிட்டு வீட்டுக்குப் போயிட்டாரு."

ஆம் என்றோம். அவர் முந்தானையை உதறிச் செருகிக்கொண்டு எழுந்தார். "அவன்கிட்ட இந்தக் கதையச் சொல்லலாமா?" என்று கேட்டார். அவனுக்குத் தெரியும் அம்மா, அவன்தான் எங்களுக்கு முதலில் சொன்னான் என்றோம்.

மாணவர் ஏழு வாரம் வேலையில்லாமல் இருந்தார். இப்போது வேறு இடத்தில், ஒட்டுகளைச் சோதிப்பவருக்கு உதவியாளராக இருக்கிறார். சம்பளம் முன்பைவிடக் குறைவு. ஆய்வாளர் தேர்வுக்கு இரவில் படிக்கிறார். கணக்கில் சந்தேகம் வந்தால் எங்களைக் கூப்பிடுகிறார்.